முட்டி மேல் இறங்கும் நேரம்

இனிமேல் இந்த ஜென்மத்தில் முதுகில் துணியைக் கட்டிக்கொண்டு பறக்கிற ஒருத்தனையும் பார்ப்பதில்லை என்று டைம்கீப்பர் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம், தியேட்டரிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸின் கடைசி சீட்டு. முடிவெடுத்த நேரம், மாலை ஆறு பன்னிரண்டு. நேரம் இவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம், அவரே அதைச் சட்டைப்பை நோட்டில் குறித்துவைத்ததுதான்.

அவர் வேலை அப்படி. பஸ் ஸ்டாண்டின் நடுவில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று பத்தொன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். வர வேண்டிய நேரத்துக்கு ஒரு கட்டம், வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் ஒன்றாக இருந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. மூன்றாவது கட்டத்தில்தான் எழுத இடம் போதாது.

மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. அந்த ஒன்றையும் இடிமுட்டி விழுங்கிவிட்டான். இடிமுட்டி யார் என்று தெரியாதவர்கள் வீட்டில் குழந்தை இல்லாத புண்ணியவான்கள். ஊதா உடுப்பு போட்டுக்கொண்டு வானத்திலிருந்து குதிப்பான். குதித்து ஒற்றை முட்டியைத் தரையில் ஊன்றி இறங்குவான். ஊன்றினதும் இடி இடிக்கும், கட்டடம் ஆடும், கெட்டவர்கள் நாலாபக்கமும் தெறிப்பார்கள். அன்றைக்குக் குடும்பத்தோடு பார்த்தது மூன்றாம் பாகம். அதுவும் புதுப் படம் இல்லை. அடுத்த மாதம் நான்காம் பாகம் வரப்போகிறதாம். ஜனங்களுக்குக் கதை மறந்துபோயிருக்குமே என்ற கவலையில் பழையதைத் திரும்ப ஓட்டினார்கள். மறப்பதற்கு அதில் கதை என்று ஏதாவது இருந்தால்தானே என்பது டைம்கீப்பரின் கட்சி.

பஸ்ஸில் அவருக்கு இடப்பக்கம் மனைவி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நடுவில் ஒன்பது வயது மகள் பாப்பா, ஊதாத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு.

"ஏம்மா, உனக்கு வயசு என்ன?" என்றார் மனைவியிடம்.

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு வயசுல இதை எப்படி நீ அலுக்காம உட்கார்ந்து பார்க்கற?"

"நல்லாத்தானே இருந்துச்சு."

"எது நல்லா இருந்துச்சு?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "சீட்டு நல்லாச் சாயுது. ஏசியும் பரவாயில்ல."

"நான் படத்தைக் கேட்டேன்."

"படமும்தான்."

"முதல் பாகத்துல ஆசான் செத்தார். ரெண்டாம் பாகத்துல வேற ஆசான், அவரும் செத்தார். இப்ப மூணாம் பாகத்துலயும் ஆசான் அவுட்."

"மூணுல ஆசான் பாட்டிப்பா," என்று பாப்பா திருத்தினாள்.

"செத்தாங்களா இல்லையா?"

"செத்தாங்க."

"பாரு. இது பச்சைப் புள்ளைங்களுக்கு எடுக்கறது. என்ன நடக்கும்னு அதுங்களுக்கே தெரியுது. பெரியவங்க இதுல என்னத்தைப் பார்க்கறது?"

"தினமும் காலையில அதே டீயைத்தானே குடிக்கறீங்க," என்றாள் மனைவி. "இன்னிக்கு அது டீயா இருக்குமா வெந்நீரா இருக்குமான்னு பதறிக்கிட்டா குடிக்கறீங்க?"

டீயை இழுத்ததும் டைம்கீப்பருக்குச் சுருக்கென்றது. வாயைக் கொடுத்தார். "நாலாம் பாகம் இன்னும் வரவே இல்ல. நான் இப்பவே சொல்லுவேன், எத்தனை மணிக்கு எவன் சாவான், எத்தனை மணிக்கு எவன் குதிப்பான்னு. நிமிஷக் கணக்குல சொல்லுவேன்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "விடுங்க. உங்களால முடியாது."

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல பெயர். தோள் இறுகிப்போய் ஆறு மாதமாகக் கையைத் தூக்காதவர்கள் வருவார்கள். பயிற்சி, எண்ணெய், உருட்டல் எதற்கும் மசியாத கை. அவள் ஒரு நிமிஷம் அந்த ஆளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "விடுங்க, உங்களால முடியாது" என்பாள். கை கூரைக்குப் போகும். இந்தக் கதையை டைம்கீப்பரே பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தனக்கும் ஒரு கை உண்டு என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"என்னால முடியாதா?" என்றார். "பந்தயம் கட்டு."

பந்தயத்தின் விதிகளை அவரே வகுத்தார். நான்காம் பாகத்தில் நடக்கப்போகிற ஏழு முக்கிய சம்பவங்களையும் அவை நடக்கும் நேரத்தையும் முன்கூட்டியே எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மனைவியிடம் கொடுத்துவிடுவார். மூன்று நிமிஷம் முன்னே பின்னே போகலாம். ஏழும் சரியாக இருந்தால் அவர் ஜெயித்தார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு, அந்த லீவு ஞாயிற்றுக்கிழமையில் என்ன படம் என்பது அவர் வாக்கு. பெரியவர்கள் பார்க்கிற படம். ஒன்று தப்பினாலும் அவர் தோற்றார். இடிமுட்டியோ வெடிமுட்டியோ, கூப்பிட்ட இடத்துக்கு 'ச்' என்று ஒரு சத்தம்கூட இல்லாமல் வருவார்.

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு வருஷம் அதிகம்க. ஆறு மாசம் வச்சுக்கலாமே."

"ஒரு வருஷம். ஒரு நாள் குறையாது."

"நீங்க எழுதிக் குடுத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. முழுப் படத்தையும் கண்ணைத் திறந்து பார்க்கணும்."

"பார்க்கறேன்."

"சரிங்க. உங்க இஷ்டம்," என்றாள் அவள், ஏதோ வீட்டுப் பத்திரத்தையே எழுதிக் கொடுக்கிற மாதிரி.

அடுத்த நாள் சாயங்காலமே வேலை ஆரம்பித்தது. முதல் மூன்று பாகங்களையும் டிவியில் போட்டு, நோட்டும் ஸ்கேலும் ரெண்டு கடிகாரமுமாக டைம்கீப்பர் தரையில் உட்கார்ந்தார். ஒரு கடிகாரம் ஓடுவதைப் பார்க்க, இன்னொன்று அந்தக் கடிகாரத்தைச் சரிபார்க்க. பக்கத்தில் பாப்பா, தொழில்நுட்ப ஆலோசகராக. மனைவி அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு தட்டில் பிஸ்கட்டை வைத்துவிட்டு, மேல்மாடியில் இருக்கிற லைப்ரரி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். நூலகத்தில் வேலை பார்க்கிற அந்த அக்காவும் இவளும் என்ன பேசுவார்களோ, கீழே வரைக்கும் சிரிப்பு கேட்கும். தினமும் ரெண்டு மணி நேரம். பாவம், தோற்கப்போவது தெரிந்துவிட்டது, மனசைத் தேற்றிக்கொள்ளப் போகிறாள் என்று டைம்கீப்பர் நினைத்துக்கொண்டார்.

"அப்பா, இப்ப ஸ்கூல் பஸ் பாலத்துல தொங்கும் பாருங்க."

"எத்தனையாவது நிமிஷம்?"

"இருபத்திரண்டு."

தொங்கியது. பஸ் தொங்குவது மட்டும் தொழில்முறையில் அவருக்கு மனக்கஷ்டம். டிரைவர் எங்கே போய்த் தொலைந்தான் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆனால் நோட்டில் எழுதும்போது எண்ணுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். முதல் பாகத்தில் இருபத்திரண்டு. இரண்டாம் பாகத்தில் இருபத்துமூன்று. மூன்றாம் பாகத்தில் மறுபடி இருபத்திரண்டு.

ஆசான் சாகிற இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் ஆசான் நாற்பதாவது நிமிஷம். இரண்டாவது ஆசான் நாற்பதாவது நிமிஷம். பாட்டி கொஞ்சம் தைரியசாலி, நாற்பத்தொன்று வரைக்கும் தாக்குப்பிடித்தாள். டைம்கீப்பர் மூன்று கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். வர வேண்டிய நேரம். வந்த நேரம். காரணம் எழுதுகிற கட்டம் சுத்தமாகக் காலி. அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னப்பா, ஆசான் செத்ததுக்கு அழறீங்களா?"

"இல்லம்மா. சொன்ன நேரத்துக்குச் செத்தாரேன்னு."

அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில் அவர் ஆளே மாறிப்போனார். பதினேழாம் நம்பர் வண்டி இருபத்தாறு நிமிஷம் பிந்தி வந்து நின்றது. டிரைவர் வழக்கம்போல் தலையைச் சொறிந்துகொண்டு கூண்டுக்கு வந்தார்.

"ரயில்வே கேட் சார்."

டைம்கீப்பர் பேசாமல் எழுதிக்கொண்டார். டிரைவருக்குப் பயமாகிவிட்டது.

"என்ன சார், திட்டலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏம்ப்பா, உன் வாழ்க்கையில ஒரு தடவையாவது ஒரு இடத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் போயிருக்கியா?"

டிரைவர் நேர்மையான மனுஷன். ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தார். "என் கல்யாணத்துக்கே லேட் சார்."

"உலகத்துல ஒருத்தன் இருக்கான்," என்றார் டைம்கீப்பர் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "தொண்ணூத்தாறாவது நிமிஷம் மழை பெய்யுது. அவன் மொட்டைமாடியில தனியா உட்கார்ந்திருக்கான். நூத்துப்பதினெட்டுல முட்டியை ஊன்றி இறங்கறான். அவன் வர்ற வழியில என்ன கேட் இல்லையா, என்ன டிராஃபிக் இல்லையா?"

"அவன் எந்த டிப்போ சார்?"

டைம்கீப்பர் விசிலை எடுத்து அடுத்த வண்டியைக் கிளப்ப ஊதினார். டிரைவர் மற்ற டிரைவர்களிடம் போய், சாருக்கு நாலு நாள் லீவு கொடுத்தால் தேவலை என்று சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கவர் மனைவியின் கைப்பையில். அதன் நகல் டைம்கீப்பரின் மடியில். நடுவர் பாப்பா, அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு. விளம்பரமெல்லாம் முடிந்து, மணி சரியாக மூன்று அடிக்கும்போது படத்தின் பெயர் திரையில் வந்தது. அதுவே அவருக்குப் புல்லரித்தது.

மூன்று ஒன்பதுக்கு வில்லன் சிரிக்க வேண்டும். சிரித்தான். மூன்று இருபத்திரண்டுக்கு ஸ்கூல் பஸ் தொங்க வேண்டும். தொங்கியது, இந்தத் தடவை பாலத்துக்குப் பதிலாகக் கோபுரம், ஆனால் தொங்கினால் தொங்கினதுதான் என்று நடுவர் தீர்ப்பளித்தாள். ரெண்டு டிக் போட்டாயிற்று. டைம்கீப்பர் காலை ஆட்ட ஆரம்பித்தார்.

அப்புறம் வந்தது சோதனை. மூன்று முப்பத்தெட்டு ஆகிறது, ஆசான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஜோக் வேறு அடிக்கிறார். தலையில் ஒரு நரைமுடி இல்லை.

"இந்த ஆளு நல்லாத் திடமா இருக்காரே," என்று டைம்கீப்பர் பல்லைக் கடித்தார்.

"பேசாதீங்க," என்றாள் பாப்பா.

மூன்று நாற்பது. ஆசான் இன்னொரு டீ கேட்கிறார். மூன்று நாற்பத்தொன்று. டைம்கீப்பருக்கு வேர்த்துவிட்டது. மூன்று நாற்பத்திரண்டாகப் போகும்போது கூரை பிளந்துகொண்டு ஒரு பச்சை வெளிச்சம் இறங்கியது. ஆசான் சுருண்டு விழுந்தார்.

"அப்பாடா," என்றார் டைம்கீப்பர், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

முன் வரிசையில் குழந்தையின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அப்பா திரும்பிப் பார்த்தார். சாவு விழுந்ததற்குச் சந்தோஷப்படுகிற மனுஷனை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை போலிருக்கிறது. டைம்கீப்பர் அவரிடம் நோட்டை நீட்டி டிக்கைக் காட்டினார்.

நாலு ஆறுக்கு இடைவேளை. வில்லன் நகரத்தை நோக்கி விரலை நீட்டினதும் விளக்கு எரிந்தது. நாலாவது டிக். மனைவியைப் பார்த்தார். சீட்டில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தோல்வி நெருங்குகிறது, பார்க்கச் சகிக்கவில்லை போலும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் புருஷன் பெண்டாட்டி எல்லாம் கிடையாது.

இடைவேளைக்கு அப்புறமும் நேரம் அவரை ஏமாற்றவில்லை. இடைவேளையின் பதினைந்து நிமிஷத்தையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார். மழை வந்தது. மொட்டைமாடி வந்தது. இடிமுட்டி அதில் உட்கார்ந்து, எனக்குத் தகுதி இல்லை என்று அழுதான். இருக்குடா, உனக்கு இல்லாத தகுதியா என்று டைம்கீப்பருக்கு எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஐந்து டிக். பாக்கி ரெண்டு.

ஐந்து மணி பதின்மூன்று நிமிஷம், முட்டி இறங்கும் நேரம். சலுகை மூன்று நிமிஷம். ஐந்து பதின்மூன்று ஆயிற்று. வில்லன் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தான். தன் சின்ன வயசு கஷ்டத்தை ஆரம்பத்திலிருந்து சொல்கிறான். ஐந்து பதினாலு. அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தானாம். ஐந்து பதினைந்து. அண்ணனுக்கு ஒரு நாய் இருந்ததாம்.

"டேய், நாயை விடுடா," என்று டைம்கீப்பர் சீட்டிலிருந்து எழுந்தார். பின்னால் இருந்த குழந்தைகள் சிரித்தன. "வாப்பா, வந்துடு. ஒரு நிமிஷம்தான் இருக்கு."

"வந்துடு," என்று ஒரு குழந்தை கூடச் சேர்ந்தது. அப்புறம் பத்துக் குழந்தைகள். அப்புறம் பின்வரிசை மொத்தமும்.

பதினைந்து தாண்டி முள் பதினாறைத் தொடப்போகும் நொடியில் வானம் கிழிந்தது. ஊதா மின்னல். ஒற்றை முட்டி. இடி.

அடுத்து நடந்தது டைம்கீப்பருக்கே சரியாக ஞாபகமில்லை. சட்டைப்பையில் கை போனது தெரியும். பஸ்ஸைக் கிளப்ப ஊதுகிற டியூட்டி விசில் வாய்க்கு வந்தது தெரியும். மூச்சு இருக்கிற மட்டும் ஊதினார். கொட்டகையில் இருந்த அத்தனை குழந்தையும் எழுந்து நின்று கத்தியது. முன் வரிசை அப்பாவும் எழுந்து, எதற்கென்று தெரியாமலே கைதட்டினார். டைம்கீப்பரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பத்தொன்பது வருஷமாக அவர் காத்திருந்த வண்டி வந்துவிட்டது.

விசில் சத்தத்தில் மனைவி தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது," என்றார் அவர் கம்பீரமாக. ஏழாவது சம்பவமாக வெடிகுண்டின் கடிகாரம் 'ஒன்று' என்ற எண்ணில் நின்றதெல்லாம் வெறும் சம்பிரதாயம். ஏழுக்கு ஏழு.

வெளியே வந்ததும் மனைவி கவரைப் பிரித்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, தலையை ஆட்டினாள். "ஒத்துக்கறேன். ஜெயிச்சுட்டீங்க. எனக்கு ஒண்ணும் சொல்ல வரல."

"பெரியவங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லன்னு இப்பவாவது ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேங்க."

அந்த ஒரு வாக்கியத்தை டைம்கீப்பர் மாதம் முழுக்கச் சப்புக்கொட்டிக்கொண்டு திரிந்தார். பல் தேய்க்கும்போது ஜெயித்தார், சாப்பிடும்போது ஜெயித்தார். பதினேழாம் நம்பர் டிரைவருக்கு வெற்றிக் கதையை மூன்று தடவை சொன்னதில் அந்த வண்டி இன்னும் பதினைந்து நிமிஷம் பிந்தியது. பெரியவர்கள் படம் எது என்பதையும் அறிவித்தாயிற்று. ஒரு கிழவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து படகுக்காகக் காத்திருக்கிற படம். ரெண்டேகால் மணி நேரம். ஏழெட்டு தேசத்தில் பரிசு வாங்கியது. கடைசி வரைக்கும் படகு வராதாம்.

"அதுதான் கலை," என்று வீட்டில் சொல்லிவைத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரைப் பிரிக்கிற வரைக்கும். முழுப்பக்க விளம்பரம். இடிமுட்டியின் தங்கை தனியாக வருகிறாள். படத்தின் பெயர் 'இடிமுழங்கை'. இன்றுமுதல்.

டைம்கீப்பரின் டீ ஆறிப்போனது. தங்கச்சிக்கு ஆசான் யார்? அண்ணன் குடும்பத்து வழக்கப்படி நாற்பதாவது நிமிஷமா, அல்லது புதுக் கம்பெனி என்பதால் முன்பின் ஆகுமா? முழங்கையை ஊன்றி எப்படி இறங்குவாள்? தாளை எடுத்தார். கை தானாகவே கட்டம் போட்டது. எழுதினதைச் சரிபார்க்காமல் ஒரு மனுஷன் எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது? மாதம் முழுக்க வராத பஸ்ஸுக்குக் காத்திருந்துவிட்டு, இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வராத படகுக்குமா காத்திருக்க வேண்டும்?

ஆனால் இதை எந்த வாயால் சொல்வது?

மத்தியானம் ஒன்றரைக்கே மனைவி நல்ல புடவை கட்டித் தயாராகிவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே ஏதோ முனகிப் பாடினாள். தோற்றவர்கள் இப்படித்தான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். பாப்பா சோபாவில் ஊதாத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, பேசாமல், பார்க்கிறவர்கள் மனசு உருகும்படி உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பலாமாங்க?" என்றாள் மனைவி. "உங்க படம் மூணு மணிக்கு."

"கிளம்பலாம், கிளம்பலாம்." செருப்பைத் தேடினார். போட்டிருந்தார். குளியலறைக்குப் போய்விட்டு வந்தார். மறுபடி போனார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ரெண்டு எட்டு. மகளைப் பார்த்தார். சட்டென்று வழி பிறந்தது. அவர் மூளையை அவரே மெச்சிக்கொண்டார்.

"பாப்பா முகத்தைப் பாரும்மா," என்று குரலைத் தழைத்தார். "வாடிப்போச்சு."

"அவ கிடக்கறா. ஜெயிச்சவர் நீங்க. உங்க வாக்குதான்."

"ஜெயிச்சவனுக்கு ஒரு பெருந்தன்மை வேண்டாமா? குழந்தை மனசை ஒடிச்சுட்டு நான் போய் எப்படிம்மா கலையை ரசிக்கறது?"

மனைவி சீப்பைக் கீழே வைத்தாள். "சரி, அப்ப ஒண்ணு பண்ணலாம். நான் அவளை முழங்கைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க நிம்மதியா உங்க படகைப் பாருங்க."

டைம்கீப்பர் வாசலை மறித்து நின்றார். கைக்கு எட்டியதைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறாளே.

"அதெப்படி? நீ வாரம் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்க்கறவ. அந்தச் சத்தத்துல போய் உட்கார்ந்தா தலை வலிக்கும்."

"எனக்குப் பழக்கம்தானேங்க."

"பழக்கத்தைத்தான் மாத்தணும்கறேன். நீயும் நாலு நல்ல படம் பார்க்க வேண்டாமா?"

"நீங்க அவ்வளவு ஆசைப்பட்ட படமாச்சே. உங்களை விட்டுட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தா எனக்கு உறுத்தாதா?"

அவள் விடுவதாக இல்லை. டைம்கீப்பர் நெஞ்சை நிமிர்த்தினார். வேறு வழியில்லை, அதிகாரத்தைக் கையில் எடுத்தார். "ஒரு வருஷத்துக்கு என் வாக்குதானே? இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. நீ படகுக்குப் போற. நான் பாப்பாவைக் கூட்டிட்டு முழங்கைக்குப் போறேன். அடுத்தடுத்து எத்தனை கை, எத்தனை கால் வந்தாலும் நானே போறேன். குடும்பத்துக்காக ஒரு வருஷம் நான் தியாகம் பண்றேன்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், அழுகிறாளோ என்னவோ.

"சரிங்க," என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தனியாப் போகணுமேன்னு பார்க்கறேன்."

"மேல்மாடி அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கோயேன். பாவம், அவங்களும் இன்னிக்கு வீட்டுலதானே இருக்காங்க."

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கதவைத் திறந்தால் லைப்ரரி அக்கா நல்ல புடவையும் கைப்பையுமாகக் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு சொல்லுக்குக் காத்திருக்காமல் உதவிக்கு வருகிறவர்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர் என்று டைம்கீப்பர் நெகிழ்ந்துபோனார்.

தியேட்டருக்குப் போகிற வழியெல்லாம் அவர் நடக்கவில்லை, மிதந்தார். பந்தயத்திலும் ஜெயித்தாயிற்று, பந்தயத்தில் ஜெயித்ததிலிருந்து தப்பிப்பதிலும் ஜெயித்தாயிற்று. ஒரே மாதத்தில் ஒரே மனைவியை ரெண்டு தடவை மடக்கின ஆள் இந்த ஊரில் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும். டிக்கெட் கவுன்ட்டரில் வரிசை வாசல் வரைக்கும் வளைந்து நின்றது. அவர் போய்க் கடைசியில் நிற்கப் பார்த்தார். பாப்பா கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க எதுக்குப்பா? நம்மகிட்டதான் டிக்கெட் இருக்கே." கவுன் பாக்கெட்டிலிருந்து ரெண்டு டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

டைம்கீப்பர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது ஏது?"

"அம்மா வாங்கினாங்க. வெள்ளிக்கிழமையே, அட்வான்ஸ் புக்கிங்ல."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா. நமக்கு ரெண்டு முழங்கை, அம்மாவுக்கும் மேல்மாடி ஆன்ட்டிக்கும் ரெண்டு படகு. இந்தப் படமெல்லாம் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குத் தலைவேதனையாம். பெரியவங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லன்னு சொன்னாங்க."

"நான் தியாகம் பண்ணினதே இன்னிக்குத்தானேம்மா."

"ரெண்டு பத்துக்குப் பண்ணுவீங்கன்னு அம்மா சொன்னாங்கப்பா," என்றாள் பாப்பா, அவருடைய நோட்டை வாங்கிப் புரட்டியபடி. "நீங்க நாலு நிமிஷம் லேட்."